பீடி சுற்றும் வீட்டில் ஆட்டிசம் வருமா?

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை மகனுக்கு மூன்றரை வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் ஆளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். முன்பு வந்த நாலைந்து சொல்லும் நின்றுவிட்டது. பாளையங்கோட்டையில் பார்த்து ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இப்போது மூன்று பேச்சு ஓடுகிறது. மாமியார், "இவ பொழுதுக்கும் சொளவ (முறத்த) மடியில வச்சிக்கிட்டு பீடி சுத்திக்கிட்டே இருந்தா, புள்ளகிட்ட யாரு பேசுனா?" என்கிறார். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், இது படித்த வசதியான வீடுகளில் வருவது, டாக்டர் தப்பாகச் சொல்லியிருப்பார் என்கிறார். தங்கையின் கணவர், எதுவாக இருந்தாலும் நம்மால் செலவு பண்ண முடியாது என்று ஒதுங்கிவிட்டார். தங்கைக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. வீட்டின் வசதிக்கும் ஆட்டிசத்துக்கும் என்ன சம்பந்தம், எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது என்பது கேள்வி.

நான் சிறப்பாசிரியர். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளோடுதான் என் வேலை. சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் என்பது பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கிற மூளை வளர்ச்சிக் குறைபாடு. அது பெருமாள்புரத்து மாடி வீட்டிலும் வரும், உங்கள் ஊர் ஓட்டு வீட்டிலும் வரும். அம்மா பீடி சுற்றியதால் அது வரவில்லை. அதற்காக, வசதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வயதில் கண்டுபிடிக்கிறார்கள், சான்றிதழில் குறைபாட்டுக்கு என்ன பெயர் எழுதுகிறார்கள், அதன் பிறகு பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது, இந்த மூன்றிலும் வீட்டின் நிலைமைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

சென்னைச் சொந்தக்காரரிடம் கோபப்படாதீர்கள். அவர் சொல்வதை ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று ஆட்டிசம் என்று நாம் சொல்வதற்கெல்லாம் அதுதான் அடித்தளம். அந்த 11 தாய்களில் 9 பேர் கல்லூரிப் பட்டதாரிகள். அந்தக் காலத்து அமெரிக்காவில்கூட அது அபூர்வம். அப்பாக்களும் மருத்துவர், வக்கீல், பேராசிரியர் என்று பெரிய இடத்து ஆட்கள். பார்த்தவர்கள் இது மேல்தட்டு வீட்டுக் குறைபாடு என்று முடிவு கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் யார் அந்த மருத்துவமனைப் படியேறினார்கள் என்று பாருங்கள். கானரின் முதல் குழந்தை டொனால்டு, மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர்க்காரன். அவன் அப்பா வக்கீல். மகனைப் பற்றி 33 பக்கத்துக்குத் தட்டச்சுச் செய்து கடிதம் அனுப்பினார். எப்போது பேசினான், எதைச் சுழற்றினான், எதற்கு அழுதான் என்று வரிவரியாக எழுதியிருந்தார். அதே ஊரில் பருத்திக்காட்டில் கூலிக்குப் போன ஒருவருக்கு அப்படி ஒரு மகன் இருந்திருந்தால் கானர் மேசைக்கு எந்தக் கடிதமும் வந்திருக்காது. வராத பிள்ளைகள் கணக்கில் இல்லை. மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

அந்தத் தப்புக் கணக்கிலிருந்து அடுத்த தப்பு பிறந்தது. படித்த அம்மாக்கள் பிள்ளையிடம் ஒட்டுதல் இல்லாமல் இருக்கிறார்கள், அந்தக் குளிர்ச்சியால்தான் பிள்ளை தனக்குள்ளே போய்விடுகிறது என்று பழியைத் தாய்மீது போட்டார்கள். கானரே 1949இல் பெற்றோரின் பாசக்குறைவைப் பற்றி எழுதினார். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் அதை இன்னும் பெரிதாக ஊதினார். எத்தனையோ தாய்மார் இருபது வருஷம் குற்ற உணர்ச்சியில் கிடந்தார்கள். உங்கள் தங்கையின் மாமியார் சொல்வதும் அதேதான். அங்கே படித்த தாய் என்று குற்றம், இங்கே பீடி சுற்றும் தாய் என்று குற்றம்.

இதை உடைத்ததில் பெற்றோர்களுக்குப் பங்கு உண்டு. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் தானே ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா. இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்புக் குறை இல்லை என்று 1964இல் ஆதாரங்களை அடுக்கி எழுதினார். 1969இல் கானர் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, உங்கள்மேல் குற்றம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடியில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒரு ஜோடியில்கூட இருவருக்கும் இல்லை. இரண்டு வகை ஜோடியும் ஒரே வீட்டில், ஒரே தாயிடம் வளர்ந்தவைதான். வளர்ப்பு காரணம் என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. அதற்குப் பிறகு லட்சக்கணக்கான குடும்பங்களை வைத்து வந்த ஆய்வுகள், ஆட்டிசம் வருவதில் சுமார் 80 சதவீதப் பங்கு மரபணுக்களுக்கு என்று கணக்கிடுகின்றன.

வசதிக் கேள்விக்கு நேரான பதில் லண்டனில் கிடைத்தது. லோர்னா விங், மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் பார்க்காமல், கேம்பர்வெல் என்ற பகுதியில் இருந்த ஊனமுள்ள பிள்ளைகள் எல்லாரையும் தேடிப் பார்த்தார். 1980இல் வெளியான முடிவு: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அப்பாக்களும் மற்றவர்களும் வர்க்கத்தில் வேறுபடவில்லை. ஆனால் ஆட்டிசத்துக்கென்றே இருந்த சிறப்பு மருத்துவமனைக்கு வந்தவர்களும், பெற்றோர் சங்கத்தில் சேர்ந்தவர்களும் வசதியானவர்களாக இருந்தார்கள். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான ஆய்வு இல்லை.

அப்படியும் புள்ளிவிவரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. 2010இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் வீட்டு வசதி ஏற ஏற ஆட்டிசமும் ஏறியது. 2012இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் செய்த ஆய்வில் இது தலைகீழ்: வருமானம் குறைந்த, உடலுழைப்புச் செய்கிற வீடுகளில்தான் சற்று அதிகம். ஒரே குறைபாடு அமெரிக்காவில் பணக்காரரையும் ஸ்வீடனில் ஏழையையும் தேடிப் போகுமா? ஸ்வீடனில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாக வளர்ச்சிப் பரிசோதனை நடக்கிறது, அதனால் ஏழை வீட்டுப் பிள்ளையும் கணக்கில் வந்துவிடுகிறது. அமெரிக்காவிலேயே இப்போது காற்று திசை மாறிவிட்டது. 8 வயதுப் பிள்ளைகளில் 36 பேருக்கு ஒருவர் என்று 2023இல் அரசு அறிக்கை வெளியிட்டபோது, முதல்முறையாகக் கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), ஆசியக் குழந்தைகளின் விகிதம் வெள்ளையரைத் தாண்டியிருந்தது. அந்த வீடுகளில் திடீரென்று ஆட்டிசம் வந்துவிடவில்லை. பரிசோதனை அவர்கள் தெரு வரைக்கும் வந்து சேர்ந்தது.

கலிஃபோர்னியாவில் இன்னொன்று கண்டார்கள். ஆட்டிசம் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு மிகப் பக்கத்தில் வசிக்கும் பிள்ளைகளுக்கு, அந்தப் பெயர் கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தொற்று ஒன்றும் இல்லை. அம்மாக்கள் பேசிக்கொள்கிறார்கள், எங்கே போவது என்று சொல்லித் தருகிறார்கள். பீடிக்கடையில் கட்டு ஒப்படைக்க வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நம்மூரிலும் இதுதான் நடக்கும். உங்கள் தங்கை வாய் திறந்து பேசினால், அந்த வரிசையிலேயே இன்னொரு தாய், "எம்புள்ளையும் இப்படித்தான்க்கா" என்று சொல்லக்கூடும்.

நம் நாட்டைப் பற்றியும் கொஞ்சம் தெரியும். பல்வல், காங்ரா, தெங்கானால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. அதில் ஆட்டிசம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. இவற்றில் மலைக்கிராமமும் உண்டு, வயல்காடும் உண்டு. நூறு பிள்ளைகள் இருக்கும் எந்த ஊரிலும் ஒரு பிள்ளை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், முக்கூடல், கடையம், பாப்பாக்குடி வட்டாரத்தில் எத்தனை பேர் ஆட்டிசம் என்ற பெயரில்லாமல் இருக்கிறார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஏன் பெயரில்லாமல் போகிறது என்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். நம் நாட்டில் ஆட்டிசத்தை மதிப்பிட ஐ.எஸ்.ஏ.ஏ. என்று ஓர் அளவுகோல் உண்டு. மொத்தம் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 153ஐத் தாண்டினால் கடுமையானது. பிள்ளையைக் கவனிப்பதோடு தாயிடமும் கேட்டுத்தான் மதிப்பெண் போட முடியும். இங்கேதான் படிப்பும் வசதியும் உள்ளே வருகின்றன. "மற்ற பிள்ளைகளோடு விளையாடுவானா?" என்று கேட்டால், தோழியர் நாலு பேரிடம் பேசி, கைபேசியில் படித்துவிட்டு வரும் தாய், "பக்கத்தில் நிற்பான், சேர மாட்டான்" என்று துல்லியமாகச் சொல்வார். பீடி சுற்றும் தாய், "விளையாடுவான்" என்பார். பொய் இல்லை. தெருப் பிள்ளைகள் ஓடும்போது இவனும் ஓடுகிறான், அவர் பார்த்தது அதைத்தான். "காக்கா ஒண்ணு வந்து உக்காந்தா, 'அம்மா பாரு'ங்கிற மாதிரி உங்களைத் திரும்பிப் பாப்பானா?" என்று கேட்கும்போதுதான் அந்தத் தாய் சொளவை இறக்கி வைத்தது போலக் கொஞ்ச நேரம் யோசிப்பார். அப்புறம் மெதுவாக, "அப்படிப் பாத்ததே இல்லையே" என்பார். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க நேரம் வேண்டும். வெளிநோயாளிகள் பிரிவில் முந்நூறு பேர் வெளியே நிற்கும்போது அந்த நேரம் கிடைப்பது அரிது.

அதனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு விதமாக நஷ்டம். ஒன்று, தாமதம். "அவங்க தாத்தாவே அஞ்சு வயசுலதான் பேசுனாரு" என்று ஆச்சி சொல்ல, நாக்கில் வசம்பு தடவ, கோயிலுக்கு நேர்ந்துகொள்ள என்று இரண்டு வருஷம் ஓடிவிடும். வெளிநாட்டிலும் இதே கதைதான். பிலடெல்ஃபியாவில், அரசு காப்பீட்டில் இருந்த ஏழைக் குழந்தைகளிலேயே, வெள்ளையர் பிள்ளைகளுக்குச் சராசரியாக 6.3 வயதில் தெரிந்தது, கறுப்பினப் பிள்ளைகளுக்கு 7.9 வயதில்தான் தெரிந்தது. இன்னொன்று, பெயர் மாறிப்போவது. பேச்சில்லாத பிள்ளையைப் பார்த்தவுடன் சான்றிதழில் அறிவுசார் குறைபாடு என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவது உண்டு. சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டிசம் விட்டுப்போனால் பயிற்சியும் மாறிப்போகும்.

வசதியான வீட்டில் மட்டும் எல்லாம் சரியாக நடக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இரண்டரை வயதில் இங்கிலீஷ் எழுத்து முழுக்கச் சொல்லி, கார்ச் சின்னங்களையெல்லாம் அடையாளம் காட்டும் பிள்ளையை, "ஜீனியஸ்" என்று கொண்டாடிக்கொண்டே மூன்று வருஷம் போக்கிய வீடுகள் பாளையங்கோட்டையில் உண்டு. தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது, ஆனால் ஏ முதல் இசட் வரை சொல்வான். அக்கா கல்யாணத்துக்கு இடைஞ்சல் ஆகுமே என்று பிள்ளையை வெளியே காட்டாத பெரிய வீடுகளும் உண்டு. அப்பா துபாயிலும் அம்மா தனியாகவும் இருக்கும் மேலப்பாளையம், கடையநல்லூர் வீடுகளில் காசுக்குக் குறைவில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைய ஆள்தான் இல்லை.

இனி மாமியாரின் குற்றச்சாட்டு. பேச ஆளில்லாமல் வளர்ந்தால் ஆட்டிசம் மாதிரி ஆகுமா என்று பார்த்திருக்கிறார்கள். ருமேனியாவில் அரசு அநாதை விடுதிகளில் கட்டிலிலேயே கிடந்து, தூக்கிக் கொஞ்ச ஒரு கைகூட இல்லாமல் வளர்ந்த குழந்தைகளைப் பிரிட்டனில் தத்தெடுத்தார்கள். அவர்களில் சிலருக்கு மட்டும் ஆட்டிசம் போன்ற அறிகுறிகள் இருந்தன, அதிலும் பலருக்கு வீட்டுச் சூழல் கிடைத்தபின் அவை குறைந்தன. அந்த அளவுக்கு ஒதுக்கப்பட்டால்தான் அப்படி ஏதும் நேரும். முற்றத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டு, நடுவில் பிள்ளைக்குச் சோறூட்டி, ஏசி, கொஞ்சி, தூங்கவைக்கிற தாய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கைபேசியைப் பற்றியும் கேட்பீர்கள். இப்போது மாடி வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ஆயா அதுதான். அது ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. பேசிப் பழக வேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகிறது, அதனால் நிறுத்துங்கள். ஆனால் நிறுத்திப் பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருகிறோம் என்று பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

வறுமை பிறப்புக்கு முன்னால் செய்கிற வேலை கொஞ்சம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரசவத்தில் சிக்கல், கர்ப்பக் காலத்துக் கடுமையான தொற்று, இவற்றுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மாத்திரையைக் கர்ப்பத்தில் சாப்பிட்டாலும் வாய்ப்பு கூடுகிறது. வலிப்புள்ள பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் இவை வாய்ப்பைக் கூட்டுகிற காரணங்கள்தான். ஒரு தனிப் பிள்ளையைக் காட்டி இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவின் வயது கூடினாலும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, ஆனால் எந்த மாமியாரும் அதைச் சொல்லி மகனை ஏசுவதில்லை.

சரி, தங்கை கணவரின் கவலைக்கு வருவோம். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. தனியார் மையத்தில் ஒரு பயிற்சி அமர்வு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று அமர்வு என்றால் மாதம் 6,000. பஸ் ஏறிப் போய்த் திரும்பினால் அன்றைய பீடிக் கூலியும் போச்சு. மூன்று மாதம் தம் கட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள், அதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் கருத்து, அந்த வழியில் தொடங்கவே தொடங்காதீர்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் வெளியே யாரோ சொல்லிக் கொடுப்பதைவிட, விழித்திருக்கும் நேரமெல்லாம் கூட இருக்கும் தாய்க்குச் சரியாகச் சொல்லிக் கொடுப்பது மேல். இதற்கு நம் பக்கத்து ஆதாரமே இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2016இல் முடிவு வந்தது. டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள்தான் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தாய்மார் பிள்ளையின் போக்குக்கு இசைந்து போகக் கற்றுக்கொண்டார்கள், பிள்ளைகள் தாமாகவே தாயிடம் வருவது கூடியது.

உங்கள் தங்கை நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறார். அதைப் பலமாக மாற்றலாம். காலையில் பத்து நிமிஷம், மத்தியானம் பத்து நிமிஷம், விளக்கு வைத்தபின் பத்து நிமிஷம் சொளவை ஓரம் வைத்துவிட்டு அவனுக்கு எதிரே, அவன் முகமட்டத்துக்குத் தரையில் உட்காரச் சொல்லுங்கள். "இது என்ன? அது என்ன?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். அவன் என்ன செய்கிறானோ அதையே இவரும் செய்யட்டும். அவன் மூடியைச் சுழற்றினால் இன்னொரு மூடியை இவர் சுழற்றட்டும். அவன் "ம்ம்" என்றால் இவரும் "ம்ம்" என்று காத்திருக்கட்டும். பிள்ளை ஒரு கணம் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பான், அதற்குத்தான் இவ்வளவும். முறுக்கு டப்பாவை அவன் கைக்கு எட்டாத இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். கையை இழுத்தால் உடனே எடுத்துக் கொடுக்காமல், மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுத்து, அவன் பார்த்தாலோ சத்தம் கொடுத்தாலோ "முறுக்கு" என்று ஒரே சொல் சொல்லிக் கொடுங்கள். பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடுவது "உனக்கு, எனக்கு" என்று முறை வைத்துப் பழக நல்ல விளையாட்டு. வாயில் போடும் பழக்கம் இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம், பெரிய மரப்பாச்சியோ எலுமிச்சம்பழமோ போதும்.

இந்தப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் பீடிக் கட்டுகளை வரிசையாக அடுக்கிவைப்பார்கள். 25 பீடிக் கட்டு ஒவ்வொன்றும் ஒரே நீளம், ஒரே தடிமன், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அதைப் பிடிக்காமல் என்ன செய்யும்? ஒன்றை நகர்த்தினால் ஊரைக் கூட்டிக் கத்துவான். அடுக்குவதைத் தடுக்காதீர்கள், ஆனால் கட்டுக்குப் பதில் காலித் தீப்பெட்டியைக் கொடுங்கள், அடுத்ததை நீங்கள் ஒரு தடவை நீட்டுங்கள், அவன் வாங்கி வைக்கட்டும். புகையிலைத் தூள் பக்கம் பிள்ளையை அண்டவிடாதீர்கள். கைக்குழந்தைக்கும் இது பொருந்தும்.

இனி எங்கே போவது. காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது. பேரா (BERA) என்ற காது கேட்கும் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இருமுறை வந்து பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் ஆட்டிசமும் உண்டு. அங்கிருந்து மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, உளவியலாளர் எல்லாம் இலவசமாக ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த மையம். அங்கே போகும்போது மாதம் ஒருமுறையாவது "வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகும் வயது வந்தால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் உண்டு. தென்காசிப் பக்கம் உறவு வீடு இருந்தால் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தையும் விசாரியுங்கள். 1981இல் ராமகிருஷ்ணன் தொடங்கியது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அவர் கட்டியெழுப்பிய அந்த நிறுவனத்தின் பணியாளர்கள் கிராமங்களுக்கே போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

காகித வேலையைக் கணவர் தலையில் கட்டுங்கள், ஒதுங்கியிருப்பவருக்கு உள்ளே வர அது ஒரு வழி. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம். அட்டை வந்தபின் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது. வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, அதில் பயிற்சிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் அப்படியே. பாளையங்கோட்டை போய்வரும் செலவில் பெரும்பகுதி அதிலேயே மிஞ்சும்.

செலவு பண்ணக் கூடாத இடமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகையை அடகு வைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் குணமாகும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, செய்வது தொழில்நெறிக்கு மாறானது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் சொல்லிவிட்டது. இந்த விஷயத்தில் பணமே புரட்ட முடியாத வீடு தப்பித்தது, எப்படியாவது புரட்ட முடிந்த வீடுதான் ஏமாறுகிறது.

கடைசியாக அந்தக் கைக்குழந்தை. அண்ணனுக்கு ஆட்டிசம் இருந்தால் பின்னால் பிறக்கும் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு என்ற அளவில் வருவதாக வெளிநாட்டில் கைக்குழந்தையிலிருந்தே கூடவே இருந்து பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. பெண் குழந்தைகளுக்கு வாய்ப்பு இதைவிடக் குறைவு. பயப்பட வேண்டாம், கவனித்தால் போதும். ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்புகிறாளா, டாட்டா காட்டுகிறாளா, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டுகிறாளா, காட்டிவிட்டு அம்மா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கிறாளா, இதை மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அண்ணன் போகும் மையத்துக்கே அவளையும் தூக்கிக்கொண்டு போங்கள், பெயர் கிடைக்கும் வரை காத்திருக்காமல் பயிற்சியைத் தொடங்கலாம். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி வரும். அண்ணனுக்கு ஊசியால்தான் இப்படி ஆனது என்று யாராவது சொல்லித் தடுப்பார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிய 1998ஆம் வருஷக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. கிராம சுகாதார செவிலியர் வரும் நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு அன்றைக்கே போட்டுவிடுங்கள்.